ரீபிரீதர் பழகுமுன்: பயிற்சிக்கு என்னென்ன வேண்டும்?

சாதாரண ஸ்கூபாவில் இழுக்கும் மூச்சு ஒரே ஒரு முறை நுரையீரலுக்குள் போய்விட்டுக் குமிழியாக வெளியேறுகிறது. அதிலுள்ள ஆக்சிஜனில் உடல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழக் கால் பங்கு. ஆழம் கூடக்கூட அந்தப் பங்கு இன்னும் குறையும். கணக்குப் போட்டால் வீண் எவ்வளவு என்பது தெரியும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், அழுத்தம் நான்கு மடங்காகும் 30 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து 80 லிட்டர் இழுப்பார். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டர் அங்கே அரை மணிநேரத்தில் காலியாகிவிடும். ஆனால் அவர் உடல் உண்மையில் செலவழிக்கும் ஆக்சிஜன், எந்த ஆழத்திலும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர்தான்.

ரீபிரீதர் அந்த 1 லிட்டரை மட்டும் ஈடுசெய்யும் கருவி. வெளியே விட்ட மூச்சு ஒரு குழாய் வழியே சோடாலைம் நிரம்பிய டப்பாவுக்குள் போகிறது. அங்கே கரியமிலவாயு உறிஞ்சப்படுகிறது. குறைந்துபோன அளவு ஆக்சிஜன் சேர்க்கப்பட்டு, அதே காற்று வாய்க்குத் திரும்பிவிடுகிறது. இந்தச் சுற்றுப்பாதையை லூப் என்பார்கள். 3 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கணக்கின்படி பத்து மணிநேரம் வரும். சோடாலைம்தான் அதற்கு வெகு முன்னதாக, பெரும்பாலும் மூன்று மணிநேரத்துக்குள், எல்லை போட்டுவிடும். குமிழி இல்லாததால் மீன்கள் விலகி ஓடுவதில்லை. குகைக் கூரையில் குமிழி மோதி வண்டல் உதிர்வதும் இல்லை. ஆழத்துக்கான கலவையில் சேர்க்கும் ஹீலியத்தின் செலவும் சொற்பம். படமெடுப்பவர்கள், மூழ்கிய கப்பல்களைத் தேடுபவர்கள், குகைகளில் முக்குளிப்பவர்கள் இதை நாடுவதற்குக் காரணம் இவைதான்.

யோசனை பழையது. 1878இல் ஆங்கிலேயர் ஹென்றி ஃப்ளூஸ் வேலை செய்யும் முதல் ஆக்சிஜன் ரீபிரீதரை உருவாக்கினார். 1880இல் வெள்ளம் புகுந்த செவெர்ன் சுரங்கப்பாதைக்குள் அலெக்சாண்டர் லாம்பர்ட் அதை மாட்டிக்கொண்டு போய்க் கதவொன்றை மூடிவிட்டு வந்தார். அதன் பிறகு நூறாண்டுக்கு மேலாக இது பெரும்பாலும் கடற்படைகளின் கையிலேயே இருந்தது. 1997இல் ‘இன்ஸ்பிரேஷன்’ சந்தைக்கு வந்த பிறகே, மின்னணுவால் இயங்கும் முழு மூடிய சுற்று ரீபிரீதர் பொதுமக்கள் கடையில் வாங்கும் பொருளானது.

அப்போதுதான் மரணங்களும் பொதுமக்களிடம் வந்தன. ஆஸ்திரேலிய மருத்துவர் ஆண்ட்ரூ ஃபாக் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 1998 முதல் 2010 வரை பொழுதுபோக்கு ரீபிரீதர் முக்குளிப்பில் 181 பேர் இறந்ததைப் பதிவு செய்தது. சாதாரண ஸ்கூபாவைவிட இறப்பு அபாயம் சுமார் பத்து மடங்கு என்று அவர் மதிப்பிட்டார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில், அபாயம் மிகுந்த முக்குளிப்போ அசட்டுத் துணிச்சலோ கலந்திருந்தது. இந்த அத்தியாயம் சொல்லும் பயிற்சித் தேவைகள் அனைத்துக்கும் இந்த எண்களே பின்னணி.

ஓசையில்லாத மூன்று ஆபத்துகள்

சாதாரண ரெகுலேட்டர் பழுதானால் சத்தம் போடும். குமிழி கொட்டும், அல்லது காற்று இழுக்கக் கடினமாகும். ஏதோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும். ரீபிரீதர் பழுதானாலும் மூச்சு சுகமாகவே வந்துகொண்டிருக்கும். சமையல் வாயுவில் நாற்றம் கலந்து விற்பதால் கசிவு மூக்குக்குத் தெரிகிறது. லூப்புக்குள் சுற்றும் காற்றில் அப்படி எச்சரிக்க எதுவும் இல்லை. இந்த இல்லாத எச்சரிக்கையை ஈடுகட்டத்தான் ரீபிரீதர் பயிற்சியின் ஒவ்வொரு விதியும் எழுதப்பட்டிருக்கிறது. இதை மனதில் வைத்துப் படித்தால், பயிற்சியாளர் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறார் என்பது விளங்கும்.

முதல் ஆபத்து ஆக்சிஜன் குறைவு. நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.21 பார். அது 0.16க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. 0.10ஐ நெருங்கினால் மயக்கம், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்க மறந்து 20 மீட்டரில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். திரையில் 0.40 காட்டுகிறது. உடம்புக்கு ஒரு குறையும் தெரியாது. அதே காற்றோடு மேலே ஏறினால் அழுத்தம் மூன்றில் ஒன்றாகிறது, நீர்மட்டத்தில் எண் 0.13 ஆகிவிடும். கரை கண்ணில் படும் நேரத்தில் நினைவு தப்பும்.

இரண்டாவது ஆக்சிஜன் மிகுதி. ஆக்சிஜனை உள்ளே விடும் மின்வால்வான சோலனாய்டு திறந்தபடி சிக்கிக்கொண்டால் லூப்பில் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே போகும். 1.6 பாரைத் தாண்டினால் வலிப்பு வரக்கூடும். நிலத்தில் வரும் வலிப்பிலிருந்து பலர் பிழைத்துக்கொள்வார்கள். நீருக்கடியில் வாய்ப்பிடி நழுவினால் அது மூழ்கலாகிவிடுகிறது. வாய்ப்பிடியைத் தலையோடு பிணைக்கும் பட்டையைப் பல பயிற்சியாளர்கள் கட்டாயமாக்குவது இதனால்தான்.

மூன்றாவது கரியமிலவாயு. மூன்றிலும் மோசமானது இதுதான். சோடாலைம் தீர்ந்துபோனாலோ, டப்பாவில் சரியாக நிரப்பாமல் காற்று இடைவெளி வழியே நழுவினாலோ, ஒரு சிறு ரப்பர் வளையம் விடுபட்டுப் போனாலோ இது வரும். மூச்சிரைக்கும், தலை வலிக்கும், இனம் தெரியாத பயம் பிடிக்கும். அந்தப் பயத்துக்கு நடுவில், இரண்டு நொடி வாய்ப்பிடியை எடுத்து வேறொன்றை வைப்பதற்குக்கூட மனம் ஒப்பாது. வாய்ப்பிடியை மாற்றாமல், ஒரு நெம்புகோலைத் திருப்பினாலே சாதாரண ரெகுலேட்டராக மாறிவிடும் வாய்ப்பிடிகள் இந்தச் சிக்கலுக்காகவே வந்தன.

வகுப்பில் சேரத் தகுதி

நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறினாலும் பொதுவான தேவைகள் இவை:

- வயது 18 நிறைந்திருக்க வேண்டும்.
- ஆக்சிஜன் செறிந்த காற்றான நைட்ராக்ஸில் முக்குளிக்கும் சான்றிதழ் வேண்டும். பகுதி அழுத்தக் கணக்கு தெரியாமல் ரீபிரீதர் பாடம் ஒரு பக்கம்கூட நகராது.
- பதிவேட்டில் குறைந்தது 25 முதல் 50 முக்குளிப்பு இருக்க வேண்டும். ஆழமான நிலைகளுக்கு இதைவிட அதிகம்.
- மருத்துவக் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். ‘ஆம்’ என்று பதில் வரும் இடங்களில் மருத்துவரின் கையொப்பமும் தேவை.

இவை குறைந்தபட்சம். 25 முக்குளிப்போடு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்பது வேறு, பயன்பெறுவீர்களா என்பது வேறு. மிதவையைப் பற்றி யோசிக்காமலே ஒரே மட்டத்தில் நிற்க வருகிறதா? முகமூடியைக் கழற்றி மாட்டும்போது ஆழம் மாறாமல் இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சிலிண்டர் வால்வைத் தொட முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கிளம்புங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு பருவம் சாதாரண ஸ்கூபாவிலேயே கழியட்டும், அது வீண்போகாது. மீட்பு வகுப்பும் முடித்திருந்தால் நல்லது. ரீபிரீதர் அணிந்த ஒருவர் மயங்கினால் தூக்கிவருவது இன்னும் சிக்கலான வேலை.

மருத்துவத்தில் கூடுதலாகச் சில கவனிக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு வந்த வரலாறு, இதயக் கோளாறு ஆகியவற்றை மறைக்காதீர்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு நீருக்கடியில் நுரையீரலில் நீர் கோக்கும் அபாயம் கூடுதல். நாற்பதைத் தாண்டியவர்கள் பார்வையையும் சோதிக்க வேண்டும். கையில் கட்டிய சிறு திரையின் எண்ணை மங்கிய நீரில் படிக்க முடியவில்லை என்றால், முகமூடியில் படிப்புக் கண்ணாடி பொருத்திக்கொண்டே வகுப்புக்குப் போக வேண்டும்.

எழுதப்படாத தகுதி ஒன்றும் உண்டு, அது சுபாவம். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் போடுவது சிலருக்குக் கௌரவக் குறைச்சலாகப் படும். நண்பர்கள் படகில் காத்திருக்கும்போது “இன்று நான் இறங்கவில்லை” என்று சொல்லச் சிலருக்கு வாய் வராது. இவர்கள் எவ்வளவு திறமைசாலிகள் என்றாலும் இந்தக் கருவி அவர்களுக்கு ஏற்றதல்ல.

கருவி எது, ஆசிரியர் யார்

ரீபிரீதர் சான்றிதழ் குறிப்பிட்ட கருவிக்கு மட்டுமே செல்லும். ஒரு மாடலில் தேறியவர் வேறு மாடலுக்குப் போனால் மாற்றுப் பயிற்சி எடுத்தாக வேண்டும். வால்வு இடம் மாறியிருக்கும், எச்சரிக்கை விளக்கின் பொருள் வேறாக இருக்கும். பதற்றத்தில் கை பழைய இடத்துக்கே போகும்.

கருவிகளில் மூன்று வகை. பாதி மூடிய சுற்றில் கலப்புக் காற்று ஓரளவு வெளியேறிக்கொண்டே இருக்கும். முழு மூடிய சுற்றில் மின்னணு ஆக்சிஜன் சேர்ப்பது ஒரு வகை. கையால் சேர்ப்பது இன்னொரு வகை, இதில் சிறு துளை வழியே ஆக்சிஜன் மெல்லக் கசிய, மீதியை முக்குளிப்பவரே பொத்தானை அழுத்திச் சேர்க்கிறார். மின்னணு வகை உழைப்பைக் குறைக்கும், ஆனால் கவனத்தையும் மழுங்கடிக்கும். கையால் சேர்ப்பவர் அடிக்கடி திரையைப் பார்த்தே ஆக வேண்டும். எதை வாங்கினாலும், ஐரோப்பியச் சோதனைத் தரமான ஈ.என். 14143இன்படி சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். உதிரிபாகமும், தயாரிப்பாளர் சொன்ன ரகச் சோடாலைமும், தூய ஆக்சிஜன் நிரப்பும் வசதியும் நீங்கள் முக்குளிக்கும் ஊரில் கிடைக்கின்றனவா என்றும் பாருங்கள். மருத்துவமனை மயக்க மருந்துக் கருவிக்கான சோடாலைமின் துகள் பருமன் வேறு. அவசரத்துக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

பல லட்சம் ரூபாய் போட்டு முதலில் கருவியை வாங்கிவிட்டுப் பிறகு ஆசிரியரைத் தேடுவது பலரும் செய்வது. முறை அதற்கு நேர்மாறு. முதலில் ஆசிரியரைப் பாருங்கள், அவர் கற்பிக்கும் கருவிகளை நீச்சல்குளத்தில் முயன்று பாருங்கள், பிறகு வாங்குங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை:

- இந்தக் கருவியில் அவர் எத்தனை மணிநேரம் இறங்கியிருக்கிறார்? கடந்த ஆறு மாதத்தில் எத்தனை?
- வகுப்பு இல்லாத நாளிலும் இதே கருவியில்தான் முக்குளிக்கிறாரா?
- ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்? இருவர் என்றால் சிறப்பு. நான்குக்கு மேல் என்றால் வேறு ஆள் பாருங்கள்.
- கடைசியாக ஒரு மாணவரைத் தேர்ச்சி தராமல் அனுப்பியது எப்போது?

கடைசிக் கேள்விக்கு “அப்படி யாரும் இல்லை” என்று பெருமையாகப் பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வகுப்பறையும் மேசையும்

முதல் நிலை வகுப்பு பொதுவாக 5 முதல் 7 நாள். அதில் நீரில் கழியும் நேரம் 7, 8 மணிநேரத்துக்குக் குறையக் கூடாது. மீதி நேரம் பெரும்பாலும் மேசையருகே கழியும். நீரில் இறங்கத் துடிப்பவர்களுக்கு இது அலுப்பூட்டும். ஆனால் விபத்துகளுக்கு வழி திறப்பது பெரும்பாலும் இந்த மேசைதான்.

ஆக்சிஜன் சென்சார்களைப் புரிந்துகொள்வது முதல் பாடம். பெரும்பாலான கருவிகளில் மூன்று இருக்கும். ஆக்சிஜனின் அழுத்தத்துக்கு ஏற்ப மில்லிவோல்ட் கணக்கில் மின்சாரம் தரும் சிறு மின்கலங்கள் அவை. காற்றில் 10 மில்லிவோல்ட் தரும் சென்சார் தூய ஆக்சிஜனில் ஏறக்குறைய 48 தர வேண்டும். குறைந்தால் அது களைத்துவிட்டது, குப்பைத்தொட்டிக்குப் போகட்டும். கருவி மூன்றின் எண்களையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இரண்டை நம்பும், தனித்து நிற்கும் ஒன்றைத் தள்ளும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு சென்சார்கள் ஒன்றாக மூப்படைந்து ஒரே பொய்யைச் சொன்னால், உண்மை சொல்லும் மூன்றாவது தோற்றுப்போகும். சென்சார்களை வெவ்வேறு மாதங்களில் மாற்றச் சொல்வதும், வாங்கிய தேதியை அவற்றின் மேலேயே எழுதச் சொல்வதும் இதற்காக.

இந்தப் பெரும்பான்மை வாக்கை நீருக்குள் சோதிக்க வழி உண்டு. லூப்பிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, லூப்பில் ஆக்சிஜனோடு கலக்கும் காற்றைக் கொண்ட இரண்டாவது சிலிண்டரால், அதாவது டைலுயண்ட் சிலிண்டரால், நிரப்புங்கள். 30 மீட்டரில் சாதாரணக் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் 0.84. எந்தச் சென்சார் அதைக் காட்டுகிறதோ அது உண்மை பேசுகிறது. ஆனால் 0.84இல் சரியாக இருப்பது 1.3இல் தடுமாறலாம். ஆகவே 6 மீட்டரில் தூய ஆக்சிஜனால் நிரப்பி 1.6 வரை எட்டுகிறதா என்றும் பார்க்கக் கற்றுத்தருவார்கள்.

சோடாலைம் நிரப்புவது அடுத்தது. இரண்டு மூன்று கிலோ துகள்களைக் கொட்டி, தட்டி, மீண்டும் கொட்டி, இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். பயன்படுத்திய நிமிடங்களைக் குறித்துவைக்க வேண்டும். பாதி பயன்படுத்திய சோடாலைமைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் சொல்ல முடியாது. குளிர்ந்த நீரும் கடும் உழைப்பும் அதன் ஆயுளைக் குறைக்கும். உயிரைவிட அதன் விலை பெரிதல்ல. சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

பிறகு சரிபார்ப்புப் பட்டியல். லூப்பில் காற்றடைத்துக் கசிகிறதா என்று பார்ப்பது, காற்றை உறிஞ்சி வெளிக்காற்று புகுகிறதா என்று பார்ப்பது, இரண்டு சிலிண்டரும் திறந்திருக்கின்றனவா, வாய்ப்பிடியின் ஒருவழி வால்வுகள் சரியான திசையில் வேலை செய்கின்றனவா, சென்சார்கள் அளவு திருத்தப்பட்டனவா என்று வரிவரியாகப் போகும். 2012இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் கூடிய மூன்றாவது ரீபிரீதர் மாநாடு, எழுதப்பட்ட பட்டியலைப் பயன்படுத்துவதை வற்புறுத்தியது. மனப்பாடம் என்று சொல்லாமல் அட்டையைக் கையில் எடுத்துப் படித்துச் செய்யுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்கள் என்றால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இறங்குமுன் ஐந்து நிமிடம் உட்கார்ந்த நிலையில் மூக்கை அடைத்துக்கொண்டு லூப்பில் சுவாசிக்க வேண்டும். ஆக்சிஜன் அளவைக் கருவி சரியாகப் பிடித்து நிறுத்துகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சோடாலைமில் குறையா என்பதும் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. சோடாலைம் இல்லாமலே தன்னார்வலர்களைச் சுவாசிக்கவைத்த ஆய்வில், ஐந்து நிமிடத்துக்குள் எல்லோராலும் அதை உணர முடியவில்லை. இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஆனால் நிரப்பும்போது காட்ட வேண்டிய கவனத்துக்கு இதை ஈடாக்காதீர்கள்.

நீரில் முதல் நாட்கள்

ஐந்நூறு முக்குளிப்பு முடித்தவரும் நீச்சல்குளத்தில் முதல் மணிநேரம் தடுமாறுவார். காரணம் மிதவை. ஸ்கூபாவில் ஆழ்ந்து மூச்சிழுத்தால் உடல் எழும்பும், விட்டால் தாழும். ரீபிரீதரில் நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்று மார்புப் பையிலோ முதுகுப் பையிலோ போய்த் தங்குகிறது. மொத்தக் கன அளவு மாறுவதில்லை. எவ்வளவு இழுத்தாலும் இருக்குமிடத்திலேயே இருப்பீர்கள். மூச்சால் தாண்டிய பாறையை இனிச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மேலே ஏறும்போது லூப், மிதவைப் பை இரண்டிலும் காற்று விரியும். உலர் உடை அணிந்தால் மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொள்ளும். மூன்றையும் சேர்த்து அடக்கப் பழக வேண்டும்.

அடுத்தது வாய்ப்பிடி. ஸ்கூபாவில் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துச் சும்மா தொங்கவிடலாம். இங்கே மூடாமல் எடுத்தால் லூப்புக்குள் நீர் புகும், மிதவை போகும். நீர் சோடாலைமைத் தொட்டால் எரிக்கும் காரக் கரைசல் வாய்க்கு வந்துசேரும். ஆகவே முதலில் மூட வேண்டும், பிறகுதான் எடுக்க வேண்டும். நினைக்காமலே கை இதைச் செய்யும்வரை ஆசிரியர் விடமாட்டார், விடவும் கூடாது.

இதற்குப் பிறகு ஆசிரியர் ஒவ்வொரு பழுதாக உருவாக்கிக் காட்டுவார்: ஒரு சென்சார் பொய் சொல்கிறது, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, சோலனாய்டு திறந்தபடி சிக்கிவிட்டது, திரை இருண்டுவிட்டது, லூப்பில் நீர் புகுந்துவிட்டது, கரியமிலவாயு ஏறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செய்முறை உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் பொதுவான முதல் கேள்வி ஒன்றுதான்: இப்போது நான் சுவாசிக்கும் காற்று உயிர்காக்குமா? உறுதியாகத் தெரியாவிட்டால் லூப்பை விட்டுத் தனிச் சிலிண்டருக்கு மாறிவிட வேண்டும். இந்த மாற்றத்தைப் பெயில்அவுட் என்பார்கள். பழுதை ஆராய்வது அதற்குப் பிறகு. நல்ல ஆசிரியர்கள் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த மாணவரைவிட, சந்தேகம் வந்தவுடன் மாறிய மாணவருக்கே அதிக மதிப்பெண் தருவார்கள்.

தனிச் சிலிண்டர்: கணக்கு உங்களுடையது

பெயில்அவுட் சிலிண்டர் எவ்வளவு பெரியது என்பதை முதல் வகுப்பிலேயே கணக்கிடக் கற்றுக்கொள்ள வேண்டும். 30 மீட்டரில் கரியமிலவாயு ஏறி, மூச்சிரைத்தபடி மாறுகிறீர்கள் என்று வையுங்கள். அந்நிலையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் சுவாசிப்பதாகக் கொள்வோம்.

- ஆழத்தில் நிதானப்பட 2 நிமிடம்: 40 × 4 × 2 = 320 லிட்டர்
- மேலேற 4 நிமிடம், சராசரி ஆழம் 15 மீட்டர்: 40 × 2.5 × 4 = 400 லிட்டர்
- 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 40 × 1.5 × 3 = 180 லிட்டர்

மொத்தம் 900 லிட்டர். கருவியோடு வரும் 3 லிட்டர் டைலுயண்ட் சிலிண்டர் முழுதாக நிரம்பியிருந்தாலும் 600 லிட்டர்தான். 30 மீட்டருக்கு அது போதாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. 5.7 லிட்டர் அலுமினியச் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பிப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் 1,140 லிட்டர் கிடைக்கும். கருவி எவ்வளவு விலையுயர்ந்தது என்றாலும், தனிச் சிலிண்டர் இல்லாமல் இறங்கச் சொல்லும் ஆசிரியரோடு இறங்காதீர்கள்.

படிகள்

பயிற்சி பொதுவாக மூன்று நிலைகளில் போகும். முதல் நிலையில் டைலுயண்டாகச் சாதாரணக் காற்று, ஆழம் 30 அல்லது 40 மீட்டர். இரண்டாம் நிலையில் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ், ஆழம் 60 மீட்டர். மூன்றாம் நிலையில் ஆக்சிஜன் குறைந்த டிரைமிக்ஸ், ஆழம் 100 மீட்டர். டி.டி.ஐ., ஐ.ஏ.என்.டி.டி. போன்ற நிறுவனங்கள் தொழில்நுட்ப முக்குளிப்பின் பாதையில் இவற்றை நடத்துகின்றன. பி.ஏ.டி.ஐ. இதற்குக் கீழே 18, 30 மீட்டர் வரையிலான பொழுதுபோக்கு வகுப்புகளையும் வைத்திருக்கிறது.

படிகள் ஏன் என்பதற்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பதே உங்கள் ஆசை என்று வைப்போம். அங்கே அழுத்தம் 6.3 பார். சாதாரணக் காற்றை அங்கே சுவாசித்தால் அதன் அடர்த்தி லிட்டருக்கு 7.5 கிராமைத் தாண்டும். 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்பது இன்றைய பரிந்துரை. அடர்ந்த காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ள முடியாமல் கரியமிலவாயு உடலிலேயே தேங்கும். நைட்ரஜன் மயக்கமும் சேரும். 18 விழுக்காடு ஆக்சிஜனும் 45 விழுக்காடு ஹீலியமும் கொண்ட கலவையில் அடர்த்தி 5 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆக, ஹெர்மீஸுக்கு இரண்டாம் நிலைச் சான்றிதழ் வேண்டும். அழுத்தக் குறைப்பு நிறுத்தங்கள் நீளும். பெயில்அவுட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் வேண்டும். திறந்த கடலின் நீரோட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் நிலை முடித்த அடுத்த மாதம் செய்யும் காரியம் அல்ல இது. இடையில் குறைந்தது ஐம்பது மணிநேரம் அதே கருவியில் கழிந்திருக்க வேண்டும்.

சான்றிதழுக்குப் பிறகு

ரீபிரீதர்க்காரர்கள் அனுபவத்தை முக்குளிப்பு எண்ணிக்கையால் சொல்வதில்லை, மணிநேரத்தால் சொல்வார்கள். முதல் ஐம்பது மணிநேரத்துக்குச் சில கட்டுப்பாடுகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 30 மீட்டரைத் தாண்ட வேண்டாம். அழுத்தக் குறைப்பு நிறுத்தம் தேவைப்படும் முக்குளிப்பு வேண்டாம். கேமரா வேண்டாம். கேமராவுக்காகவே ரீபிரீதர் வாங்கியவருக்கு இது கசக்கும், ஆனால் லென்ஸைப் பார்க்கும் கண் ஆக்சிஜன் எண்ணைப் பார்க்காது. பயிற்சியில் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையாவது எண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முக்குளிப்பிலும் ஒரு முறையாவது பெயில்அவுட் செய்து பாருங்கள்.

ஆபத்தான காலம் முதல் வாரமல்ல. அப்போது பயம் இருக்கும், பட்டியலும் கையில் இருக்கும். நாற்பது, ஐம்பது மணிநேரம் எதுவும் கெடாமல் போன பிறகு, “இந்த ஒரு நாள் சென்சார் ஒன்று சரியில்லாவிட்டால் என்ன” என்று தோன்றும். அந்த எண்ணம் வரும் நாளில் கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஸ்கூபாவில் இறங்குங்கள். மூன்று மாதம் இடைவெளி விழுந்தால், ஆழமற்ற நீரில் எல்லாச் செய்முறையையும் மறுபடி செய்த பிறகே பழைய ஆழத்துக்குப் போங்கள்.

உடன் வருபவர் சாதாரண ஸ்கூபாக்காரர் என்றால், படகிலேயே அவருக்கு மூன்று விஷயம் காட்டுங்கள்: வாய்ப்பிடியை மூடுவது எப்படி, எச்சரிக்கை விளக்கின் எந்த நிறம் ஆபத்து, உங்கள் பெயில்அவுட் ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது. அவர் உங்களுக்குச் செய்யக்கூடிய முதலுதவி இவ்வளவே.

கடைசியாக, வகுப்புக்குப் பணம் கட்டுமுன் இந்தப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள்:

- நைட்ராக்ஸ் சான்றிதழ், பதிவேடு, மருத்துவச் சான்று மூன்றும் கையில் இருக்கின்றனவா?
- ஆசிரியர் அதே கருவியில் தொடர்ந்து முக்குளிப்பவர்தானா?
- கருவி, தனிச் சிலிண்டர், சென்சார், சோடாலைம், ஆக்சிஜன் ஆகிய எல்லாவற்றின் ஓராண்டுச் செலவையும் கூட்டிப் பார்த்தாயிற்றா?
- வகுப்பு முடிந்த ஆறு மாதத்துக்குள் குறைந்தது இருபது மணிநேரம் நீரில் கழிக்க நேரமும் இடமும் இருக்கின்றனவா?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாதவர்கள் சேர்வதைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஆறு நாளில் கற்ற பழக்கம், பயன்படுத்தாவிட்டால் சில மாதங்களில் கையைவிட்டுப் போய்விடும். சான்றிதழ் அட்டை மட்டும் பையில் இருக்கும்.